கீழே விழுந்த லேப்டாப்: ஹார்டு டிஸ்க்கை மீட்க எந்த வழி?

"மேசையிலிருந்து லேப்டாப் விழுந்துவிட்டது. ஆன் செய்தால் விளக்கு எரிகிறது, விண்டோஸ் வரவில்லை. நானே கோப்புகளை எடுத்துப் பார்க்கலாமா? பக்கத்துக் கடையில் கொடுக்கலாமா? ரெக்கவரி நிலையத்துக்கு அனுப்பினால் பெரிய செலவாகுமே? பேசாமல் புது டிஸ்க் போட்டுவிடலாமா?"

வாசகர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பதற்கு முன்பே பலர் லேப்டாப்பை நாலைந்து முறை அணைத்துப் போட்டுப் பார்த்திருப்பார்கள். செலவில்லாத வழியை முதலில் பார்ப்போம், பலிக்காவிட்டால் அடுத்ததற்குப் போவோம் என்பது இயல்பான யோசனை. மிக்ஸிக்கும் மின்விசிறிக்கும் அது சரி. அடிபட்ட ஹார்டு டிஸ்க்குக்கு அது பொருந்தாது. இங்கே ஒரு வழியை முயன்று பார்ப்பதே அடுத்த வழியை அடைத்துவிடக்கூடும். கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் இந்த ஒரு காரணத்தைச் சுற்றியே எழுதப்பட்டது.

ஆகவே லேப்டாப்பை அணைத்துவிட்டு மேலே படியுங்கள். ஒரே விதிவிலக்கு: விழுந்த பிறகும் விண்டோஸ் வழக்கம்போல ஓடுகிறது, டிஸ்க்கிலிருந்து புதிதாக எந்தச் சத்தமும் இல்லை என்றால், அணைப்பதற்கு முன்பே மிக முக்கியமான ஒரு கோப்புறையைப் பென்டிரைவுக்கு எடுத்துவிடுங்கள். மறுபடி ஆன் ஆகும் என்று உறுதியில்லை.

உங்கள் லேப்டாப்பில் இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க்தானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அண்மை ஆண்டுகளில் வந்த பெரும்பாலான லேப்டாப்களில் இருப்பது அசையும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி. அது விழுந்தால் கெடுவது அரிது. திரையோ மதர்போர்டோ அடிவாங்கியிருக்கும். இந்தக் கட்டுரை பழைய லேப்டாப்களுக்கு, 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய லேப்டாப்களில் இன்னும் வீடுகளில் ஓடிக்கொண்டிருப்பவற்றுக்கு, கையடக்க யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்குகளுக்கு.

## விழும்போது உள்ளே நடப்பது

லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். இரண்டரை அங்குல டிஸ்க்கில் தட்டின் விளிம்பு மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. தரவு பதிந்திருப்பது அந்தத் தட்டில்தான். அதன் மேல் சில நானோமீட்டர் உயரத்தில், தரவைப் படித்து எழுதும் ஹெட் மிதக்கிறது. தலைமுடி ஒன்றின் தடிமன் பல பத்தாயிரம் நானோமீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த இடைவெளியில் ஒரு தூசிக்குக்கூட இடமில்லை.

இத்தகைய டிஸ்க்குகள் ஓடும்போது சுமார் 350 முதல் 400 ஜி வரையிலும், நின்றிருக்கும்போது 900 முதல் 1,000 ஜி வரையிலும் அதிர்ச்சியைத் தாங்கும் என்று தயாரிப்பாளர்களின் விவரத்தாள்கள் சொல்கின்றன. ஜி என்பது புவியீர்ப்பின் மடங்கு. எண் பெரிதாகத் தெரியலாம். ஆனால் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர். மொசைக் தரையில் மோதி அது ஒரு மில்லி வினாடியில் நின்றுவிட்டால் சராசரி அதிர்ச்சி 450 ஜி. லேப்டாப்பின் உடல் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்ததா, மூடி அணைத்துவைத்தபோது விழுந்ததா என்று ரெக்கவரி நிலையத்தில் முதலில் கேட்பது இதனால்தான். ஐபிஎம் தன் திங்க்பேடில் 2003இலும் ஆப்பிள் தன் லேப்டாப்களில் 2005இலும் விழுவதை உணர்ந்து ஹெட்டை ஒதுக்கிவிடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. அது உதவும், ஆனால் கேடயம் அல்ல.

அடி லேசாக இருந்தால் கேபிள் கழன்றிருக்கும், அல்லது தட்டில் தரவு பதியும் சிறு கூறுகளான செக்டர்கள் சில படிக்க முடியாமல் போயிருக்கும். பலமாக இருந்தால் ஹெட் வளைந்திருக்கும், தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், மோட்டார் இறுகியிருக்கும். வளைந்த ஹெட்டோடு டிஸ்க்கைச் சுழலவிட்டால் அது ஏர் உழுவதுபோலத் தட்டின் காந்தப் பூச்சைச் சுரண்டிக்கொண்டே போகும். சுரண்டிய பொடியில் இருப்பது உங்கள் கோப்புகள். எந்த நிலையத்தாலும் அதைத் திரும்பச் சேர்க்க முடியாது.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் அளவுகோல், அந்தக் கோப்புகள் வேறு எங்காவது இருக்கின்றனவா என்பது. டிஸ்க்கைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள். புகைப்படங்கள் கூகுள் போட்டோஸில் இருக்கலாம். ஆய்வேட்டின் போன மாத வரைவு நெறியாளரின் மின்னஞ்சலில் இருக்கும். கல்யாண ஆல்பத்தின் மூலப்படங்களை ஸ்டூடியோக்காரர் இன்னும் வைத்திருக்கலாம். டேலி கணக்கின் நகல் ஆடிட்டரிடம் இருக்கலாம். இப்படி அடித்துக்கொண்டே வந்தால், "எல்லாம் போய்விட்டது" என்று தொடங்கிய பட்டியல் பெரும்பாலும் ஒன்றிரண்டு கோப்புறைகளில் வந்து நிற்கும். எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை முடிவு செய்ய வேண்டியது மிச்சமிருக்கும் அந்தக் கோப்புறைகள்தான், டிஸ்க்கின் விலை அல்ல.

இரண்டாவது, டிஸ்க் என்ன சத்தம் போடுகிறது என்பது. மூன்றாவது, தேர்ந்தெடுக்கும் வழி தோற்றால் அடுத்த வழி மிச்சமிருக்குமா என்பது. என் கணிப்பில் இதுவே மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது. பணம், நேரம், அந்தரங்கம் மூன்றும் அதற்குப் பிறகு.

சத்தத்தைக் கேட்பதற்காக மறுபடி ஆன் செய்ய வேண்டாம். விழுந்த பிறகு ஏற்கெனவே கேட்டதை நினைவுபடுத்திக்கொண்டாலே போதும்.

| அறிகுறி | உள்ளே நடந்திருக்கக்கூடியது | ஏற்ற வழி |
|---|---|---|
| இயல்பாகச் சுழல்கிறது, பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) டிஸ்க்கின் பெயர் தெரிகிறது, கோப்புகள் திறக்கத் தாமதம் | பழுதான செக்டர்கள், வலுவிழந்த ஹெட் | நீங்களே நகல் எடுக்கலாம். ஈடு செய்ய முடியாத கோப்பு என்றால் நிலையம் |
| சத்தமே இல்லை, பெயரும் தெரியவில்லை | கேபிள் கழன்றது அல்லது சர்க்யூட் போர்டு பழுது | கடையில் கேபிளை மட்டும் பார்க்கச் சொல்லலாம். அது காரணம் இல்லையென்றால் நிலையம் |
| சீரான இடைவெளியில் டிக், டிக் | ஹெட் பழுது | நிலையம் மட்டும் |
| மெல்லிய பீப் அல்லது முனகல், சுழலவில்லை | ஹெட் தட்டில் ஒட்டியது அல்லது மோட்டார் இறுகியது | நிலையம் மட்டும் |
| உரசும் சத்தம் | தட்டில் கீறல் விழுந்துகொண்டிருக்கிறது | உடனே மின்சாரத்தை நிறுத்தவும். நிலையம், நம்பிக்கை குறைவு |
| கழற்றும்போது உள்ளே துண்டுகள் உருளும் ஓசை | தட்டே உடைந்தது | புது டிஸ்க் |

கடைசி வரிசை பலருக்கு வியப்பாக இருக்கும். லேப்டாப் டிஸ்க்குகளின் தட்டு பெரும்பாலும் கண்ணாடியின் மேல் காந்தப் பூச்சு ஏற்றியது. அது உடைந்துவிட்டால் கதை முடிந்தது.

## வழி 1: நீங்களே நகல் எடுப்பது

இது டிஸ்க்கின் மூடியைத் திறப்பது அல்ல. மூடியை வீட்டில் ஒருபோதும் திறக்கக் கூடாது. லேப்டாப்பிலிருந்து டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி அடாப்டர் வழியாக வேறொரு கணினியில் இணைத்து, அதிலுள்ள அனைத்தையும் ஒரு நல்ல டிஸ்க்குக்கு மாற்றுவதுதான் வேலை.

விண்டோஸ் கணினியில் செருகிச் சாதாரணமாக நகல் எடுப்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அடிபட்ட டிஸ்க்கை வருத்துவதற்கு அதைவிட வேறு வழி வேண்டாம். செருகியவுடன் விண்டோஸ் தானாகவே அதைத் துழாவத் தொடங்கும். பிறகு "இந்த டிரைவில் பிழை இருக்கிறது, சரிசெய்யட்டுமா" என்று கேட்கும். அதற்குச் சம்மதித்தால் விண்டோஸின் பிழைதிருத்தும் கருவியான செக்டிஸ்க் ஓடி, பழுதான டிஸ்க்கின் மேலேயே எழுத ஆரம்பிக்கும். கோப்பு அட்டவணை மேலும் குழம்பும். நகல் எடுக்கும்போதும் முதல் பழுதான கோப்பிலேயே சிக்கி, அதே இடத்தை மறுபடி மறுபடி படிக்கச் சொல்லி ஹெட்டை வதைக்கும்.

இதற்கென்றே உள்ள இலவச மென்பொருள் குனு டிடிரெஸ்க்யூ. பென்டிரைவில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, பழைய டிஸ்க்கை மவுன்ட் செய்யாமலே, அதாவது அதன் கோப்புறைகளைத் திறக்காமலே, இதை ஓட்ட வேண்டும். இதன் சிறப்பு படிக்கும் வரிசையில் இருக்கிறது. எளிதாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்ளும். முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில்தான் அவற்றுக்குத் திரும்பும். எதைப் படித்தோம், எதைத் தாண்டினோம் என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால் நடுவில் நிறுத்திவிட்டு, டிஸ்க் ஆறிய பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். திரையில் மீட்ட அளவு, படிக்கும் வேகம், பிழைகள் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல நிலையிலுள்ள 500 ஜிபி டிஸ்க், வினாடிக்கு 100 எம்பி வேகத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். அடிபட்ட டிஸ்க் நாள்கணக்கில் இழுக்கலாம். வேகம் சில கேபிக்கு இறங்கி அப்படியே நின்றாலோ, டிக் சத்தம் தொடங்கினாலோ நிறுத்திவிடுங்கள். "இன்னும் கொஞ்சம்தானே" என்ற ஆசையில்தான் பல டிஸ்க்குகள் போய்விடுகின்றன.

மறைவான செலவுகள் இதிலும் உண்டு. அடாப்டருக்குச் சில நூறு ரூபாய் ஆகும். பழைய டிஸ்க் அளவுக்கோ அதைவிடப் பெரிதாகவோ ஒரு நல்ல டிஸ்க் வேண்டும். மிகப் பெரிய ஆபத்து கட்டளையில் இருக்கிறது: மூல டிஸ்க்கும் சேரும் டிஸ்க்கும் இடம் மாறிப்போனால், வெறும் டிஸ்க் உங்கள் கோப்புகளின் மேல் எழுதப்பட்டுவிடும். எந்த டிஸ்க் எது என்பதை அளவையும் வரிசை எண்ணையும் ஒப்பிட்டு இரண்டு முறை பார்த்த பிறகே என்டர் தட்ட வேண்டும். டிரைவ் விண்டோஸின் குறியாக்கப் பூட்டான பிட்லாக்கரில் பூட்டப்பட்டிருந்தால் நகல் கிடைத்தும் திறக்காது. 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அழிந்த கோப்புகளைத் தேடும் ரெக்கவரி மென்பொருள்களை நகலின் மேல் ஓட்டுங்கள், மூல டிஸ்க்கின் மேல் வேண்டாம்.

டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே எடுத்தவுடன் உள்ளே ஈரம் படியும். அந்த ஈரத்தின் மேல் ஹெட் ஓடும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

எப்போது இதுவே சரி: சத்தம் இயல்பாக இருக்கிறது, டிஸ்க்கின் பெயர் தெரிகிறது, கோப்புகள் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் வாழ்க்கை நின்றுவிடாது என்ற நிலையில். லினக்ஸ் பழக்கமில்லாதவர் இந்த டிஸ்க்கிலேயே கற்றுக்கொள்ளத் தொடங்க வேண்டாம்.

## வழி 2: பக்கத்துப் பழுதுபார்க்கும் கடை

சென்னை ரிச்சி தெருவிலும் ஒவ்வோர் ஊரிலும் கைதேர்ந்த தொழில்நுட்பர்கள் இருக்கிறார்கள். லேப்டாப்பைத் திறந்து கேபிளைச் சரிபார்ப்பது, டிஸ்க்கைப் பத்திரமாகக் கழற்றுவது, எஸ்எஸ்டி பொருத்துவது, விண்டோஸ் ஏற்றுவது ஆகியவற்றில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. அடிபட்ட டிஸ்க்கிலிருந்து கோப்பு மீட்பது மட்டும் வேறு தொழில். இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் இழப்பு தொடங்குகிறது.

சில கடைகளில் "போட்டுப் பார்க்கிறோம்" என்று ரெக்கவரி மென்பொருளை இரவு முழுக்க ஓடவிட்டுப் போய்விடுவார்கள். பழுதான ஹெட் ஓர் இரவு முழுக்கத் தட்டில் உரசினால் என்ன மிஞ்சும்? இன்னும் சில இடங்களில் மேசையின் மேலேயே மூடியைத் திறந்துவிடுவார்கள். அதே மாடல் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டை எடுத்து மாட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. இன்றைய டிஸ்க் ஒவ்வொன்றின் போர்டிலும் அந்த டிஸ்க்குக்கு மட்டுமே உரிய அளவீடுகள் ஒரு சிறு நிரந்தர நினைவகச் சிப்பில் பதிந்திருக்கும். அந்தச் சிப்பையும் மாற்றாமல் போர்டை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் வேலை செய்யாது.

கொடுப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். முதலில் முழு நகல் எடுத்துவிட்டு அதில்தான் வேலை செய்வீர்களா? மூடியை இங்கே திறப்பீர்களா? முடியாவிட்டால் எதையும் மாற்றாமல் திருப்பித் தருவீர்களா? டிக் சத்தம் என்றவுடன் "இதை நான் தொடமாட்டேன், நிலையத்துக்கு அனுப்புங்கள்" என்று சொல்லும் தொழில்நுட்பரை நம்பலாம். எல்லாவற்றுக்கும் "முடியும் சார்" என்பவரிடம் தயக்கம் தேவை.

அந்தரங்கத்தையும் கணக்கில் எடுங்கள். ஆதார், பான் நகல்கள், குடும்பப் படங்கள், உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் அந்த டிஸ்க்கில் இருக்கின்றன. மீட்ட கோப்புகளைத் தங்கள் கணினியிலிருந்து அழித்துவிட்டார்களா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

எப்போது இதுவே சரி: கேபிள் பழுதா என்று பார்க்க, டிஸ்க்கைக் கழற்ற, புது எஸ்எஸ்டி போட.

## வழி 3: டேட்டா ரெக்கவரி நிலையம்

இங்கே டிஸ்க்கைத் திறப்பது தூசி வடிகட்டிய சூழலில். கிளாஸ் 100 எனப்படும் தரம் என்றால், ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானோ அதற்கு மேலோ அளவுள்ள துகள்கள் நூறுக்கு மேல் இருக்கக் கூடாது. பழுதான ஹெட்டை எடுத்துவிட்டு, அதே மாடல் கொண்ட வேறொரு நல்ல டிஸ்க்கிலிருந்து ஹெட் தொகுதியை எடுத்துப் பொருத்துவார்கள். அந்தத் தானம் தரும் டிஸ்க் மாடலில் மட்டுமல்ல, ஃபர்ம்வேர் (டிஸ்க்கை இயக்கும் உள் மென்பொருள்) போன்ற நுணுக்கங்களிலும் ஒத்துப்போக வேண்டியிருக்கும். புது ஹெட்டும் நீண்ட நாள் தாங்காது. நகல் எடுத்து முடிக்கும்வரை தாங்கினால் போதும்.

தட்டு நன்றாக இருந்தால் எந்த அளவுக்கு மீட்க முடியும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் வானிலேயே சிதறியது. அதிலிருந்த 400 எம்பி சீகேட் டிஸ்க் ஒன்று கருகிய நிலையில் கிடைத்தது. குரோல் ஆன்ட்ராக் நிறுவனம் அதிலிருந்து சுமார் 99 சதவீதத் தரவை மீட்டது; அதில் இருந்தது ஸெனான் வாயு குறித்த ஓர் ஆய்வின் தரவு, அதன் முடிவுகள் 2008இல் வெளியாயின. தரவு பதிந்திருந்த பகுதி தப்பியிருந்ததே அதற்குக் காரணம். விண்வெளியிலிருந்து விழுந்தும் தப்பிய தட்டு உண்டு. வீட்டில் பத்து முறை ஆன் செய்து பார்த்ததால் அழிந்த தட்டும் உண்டு.

செலவு கோப்பளவைப் பொறுத்ததல்ல, பழுதைப் பொறுத்தது. ஹெட் மாற்ற வேண்டியிருந்தால் இந்தியாவில் பத்தாயிரங்களில் போகும் என்று எண்ணிக்கொண்டே பேசத் தொடங்குங்கள். "தரவு கிடைக்காவிட்டால் கட்டணம் இல்லை" என்ற வாசகத்தை மட்டும் நம்பிக் கையெழுத்திட வேண்டாம். சோதனைக் கட்டணம் உண்டா, தானம் தரும் டிஸ்க்கின் விலை தனியா, பாதி மட்டும் கிடைத்தால் எவ்வளவு, நாம் மறுத்தால் டிஸ்க் திரும்பி வருமா என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். எந்தக் கோப்புறை முக்கியம் என்பதையும் எழுதிக் கொடுங்கள். பலவீனமான டிஸ்க்கில் அதை முதலில் எடுப்பார்கள். ஏற்கெனவே யாராவது திறந்த டிஸ்க் என்றால் கட்டணம் ஏறும், வாய்ப்பு இறங்கும். அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

எப்போது இதுவே சரி: வேறு பிரதி இல்லாத, பணத்தால் மறுபடி உருவாக்க முடியாத கோப்புகள், அல்லது டிக், பீப், உரசல். இந்த நிலையில் முதல் இரண்டு வழிகளையும் தாண்டி நேராக இங்கே வருவதே சிக்கனம்.

## வழி 4: புது டிஸ்க் போட்டுவிட்டு மேலே செல்வது

தாளில் எழுதிய பட்டியலில் எதுவும் மிஞ்சவில்லை என்றால் தயங்கவே வேண்டாம். பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டி போட்டால் வேகம் கண்கூடாகத் தெரியும், அடுத்த முறை விழுந்தாலும் இந்தத் துன்பம் இல்லை.

மறந்துவிடும் செலவுகள்: மென்பொருள் உரிமங்கள், அச்சுப்பொறி அமைப்புகள், உலாவியிலிருந்த கடவுச்சொற்கள். சாதாரண உத்தரவாதத்தில் கீழே விழுந்த சேதம் சேராது. தற்செயல் சேதத் திட்டம் தனியாக வாங்கியிருந்தால் பாகத்தை மாற்றித் தருவார்கள், கோப்புகளை அல்ல. பழைய பாகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. சேவை மையத்துக்குப் போகும் முன் டிஸ்க் உங்களிடமே இருக்குமா என்று கேளுங்கள். கூடுதல் கட்டணத்தில் டிஸ்க்கை நம்மிடமே விடும் திட்டம் சில நிறுவனங்களில் இருக்கிறது.

## வழி 5: இப்போதைக்கு எடுத்துவைப்பது

பலருக்குத் தோன்றாத வழி இது. கோப்புகள் அருமையானவை, கையில் பணமில்லை என்றால் ஏதாவது ஒன்றை உடனே செய்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. சுழலும் டிஸ்க்கில் காந்தப் பதிவாக இருக்கும் தரவு, மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நிற்கும். டிஸ்க்கைக் கழற்றி, நிலைமின் தடுப்பு உறையில் போட்டு, ஈரம் அண்டாத இடத்தில் வைத்துவிட்டு, எஸ்எஸ்டியோடு லேப்டாப்பைப் பயன்படுத்துங்கள். காலம் போகப்போக அதே மாடல் டிஸ்க் கிடைப்பது அரிதாகும், அது ஒன்றே இதன் விலை. ஓரிரு ஆண்டுகள் பொறுக்கலாம், பத்தாண்டு வேண்டாம். எஸ்எஸ்டிக்கும் பென்டிரைவுக்கும் இந்த யோசனை பொருந்தாது. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அவற்றின் பதிவு மெல்ல மங்கும்.

## யார் எதைத் தேர்வது

ஆய்வேடு எழுதும் மாணவிக்கு, போன மாத வரைவு மின்னஞ்சலில் கிடைத்துவிட்டது, டிஸ்க் இயல்பாகச் சுழல்கிறது என்றால் முதல் வழி. லினக்ஸ் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யட்டும்.

மளிகை மொத்த வியாபாரி ஒருவரின் டேலி கணக்கு டிஸ்க்கில் மட்டும் இருக்கிறது, ஆடிட்டரிடம் இருப்பது மார்ச் வரைதான், ஜிஎஸ்டி தாக்கல் நெருங்குகிறது. இங்கே பணத்தைவிட நாள் முக்கியம். டிஸ்க்கின் சத்தம் எப்படி இருந்தாலும் நேராக நிலையம். விட்டுப்போன மாதங்களின் பில்களை உட்கார்ந்து மறுபடி ஏற்ற எத்தனை நாள் கூலி ஆகும் என்று கணக்குப் போட்டு, அந்தத் தொகையை நிலையம் கேட்கும் தொகையோடு ஒப்பிட்டால் முடிவு தானே வரும்.

மறைந்த தந்தையின் படங்களும் குரலும் அந்த ஒரு டிஸ்க்கில், டிக் சத்தம் கேட்கிறது, இந்த ஆண்டு செலவழிக்க முடியாது என்றால் ஐந்தாவது வழி. யார் கேட்டாலும் "ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன்" என்று கொடுக்க வேண்டாம். உறையோடு ஒரு சீட்டையும் வையுங்கள். விழுந்த தேதி, அப்போது லேப்டாப் ஓடிக்கொண்டிருந்ததா, விழுந்தபின் எத்தனை முறை ஆன் செய்தீர்கள், என்ன சத்தம், மூடி திறக்கப்பட்டதா, பிட்லாக்கர் சாவி எங்கே இருக்கிறது, வேண்டிய கோப்புறையின் பெயர். பின்னாளில் டிஸ்க்கைக் கையில் வாங்கும் தொழில்நுட்பருக்கு வேலை தொடங்கத் தேவையானது இவ்வளவுதான்.